செரை எண்ணெய்மீது விழுந்த பழி

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பசாரில் வெங்காயம் வாங்கினால்கூட அடியில் கிடப்பதைக் கிளறிப் பார்த்துத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, வாசனை எண்ணெய் வடிப்பது. கோலா பிலாவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, ஒரு பக்கம் முழுக்கச் செரை நட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எலுமிச்சைப்புல் என்பார்கள். எங்களுக்கு அது செரைதான். அதை நறுக்கிப் பெரிய எஃகு அண்டாவில் அடைத்து, அடியிலிருந்து ஆவி விடுவோம். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டும். தண்ணீருக்கு மேலே மிதக்கும் மஞ்சள் எண்ணெயைப் பிரித்தெடுத்து முகர்ந்து பார்ப்பது என் வேலை.

வாங்க வருகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டுமே! ஒருவர் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்பார். இன்னொருவர் புற்றுநோயே ஓடிவிடும் என்பார். வெறும் வாசனைதானே, ஒன்றும் செய்யாது என்று சிரிக்கிறவர்களும் உண்டு. இவர்கள் யாரையும் நான் நம்புவதில்லை. ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் எண்ணெயைச் சோதனைக்கு வாங்கிப் போனாள். அப்புறம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஒரு வட்டத் தட்டில் பூஞ்சணம் மண்டிக் கிடந்தது. நடுவில் எண்ணெயில் நனைத்த சின்னக் காகிதத் துண்டு. அதைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ சந்தேகம். ஒன்றைக் கொல்லத் தெரிந்தது இன்னொன்றைச் சும்மா விடும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? அன்றிலிருந்து கையுறை இல்லாமல் குப்பியைத் தொடுவதை விட்டேன்.

அப்போது நான் செனாவாங்கில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளையில்லை. கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து, உண்டானதும் கலைந்து, கடைசியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவனை முதலில் கையில் வாங்கியபோது நான் ஓவென்று அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு, அவனுக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது என்றார்கள். அவன் சிவப்பணுக்களுக்குத் தாங்கும் சக்தி போதாது. சில பொருட்கள் பட்டால், சிலவற்றின் வாடை பட்டால்கூட, அவை உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். நர்சு மிஸ்ஸி எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கற்பூரம் வேணாம். பாச்சை உருண்டை வேணவே வேணாம். தைலம், நாட்டு மருந்து எதையும் பிள்ள பக்கத்துல கொண்டு வராதீங்க. மஞ்சள் ஏறிப் போச்சுன்னா மூளைய பாதிச்சிரும்மா."

அன்றைக்கே வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். எல்லா அலமாரியிலும் கிடந்த பாச்சை உருண்டைகளைப் பொறுக்கி வெளியே எறிந்தேன். சாமி மேடையிலிருந்து கற்பூர டப்பா போனது. கொசுவுக்காக நான் கொண்டுவந்து வைத்திருந்த செரை எண்ணெய்க் குப்பி ஒன்று மட்டும், மூடி இறுக்கி, பின்கட்டில் மேல்தட்டில் இருந்தது. வேலை முடிந்து வந்தால் பின்கட்டிலேயே குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் உள்ளே கால் வைப்பேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க ரெம்பாவிலிருந்து தங்கச்சி புருஷனின் அக்கா வந்திருந்தார். சந்தேகப்படுவதில் அவர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன்.

"ஏம்மா, நீ வந்தாலே வீடு பூரா செரை வாசம் அடிக்குது. பிள்ளைக்கு ஆவுமா?"

"குளிச்சிட்டுத்தானேக்கா வரேன்."

"குளிச்சா போற வாசமாலா அது?"

எனக்குச் சுர்ரென்று வரும். ஆனால் எனக்கும் அவர்மேல் ஒரு கண் இருந்தது. குழந்தை வயிறு உப்பி அழும்போதெல்லாம், "கொஞ்சம் எண்ணெ தொட்டு வச்சா சரியாயிரும்" என்று முனகுவார். நான் இல்லாத நேரத்தில் என் குப்பியில் கை வைத்துவிடுவாரோ என்று தினமும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எண்ணெய் இம்மியும் குறையவில்லை. குறையவில்லை என்பதே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

தீட்டுக் கழித்த அன்று தொட்டில் போட்டோம். எங்கள் பக்கத்தில் புதுத் துணியில் போட மாட்டார்கள். பெரியவர்கள் கட்டிப் பழகிய சேலையாக இருக்க வேண்டும். மெத்தென்றும் இருக்கும், ஆசீர்வாதமும் கூட வரும் என்பார்கள். அக்கா, செத்துப்போன தன் அம்மாவின் நூல் சேலையை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தார். அதைத் துவைத்து, துணிக்குப் போடும் வாசனைத் திரவத்தில் அலசி, காய வைத்திருந்தார். இரும்புச் சட்டத்தில் தொங்கிய ஸ்பிரிங்கில் அதை இரட்டையாக மடித்து மாட்டிவிட்டு, "எங்கம்மா மடியில படுத்துக்கடா ராசா" என்று குழந்தையை உள்ளே கிடத்தினார். அவனும் சமர்த்தாகத் தூங்கினான். பிறகு அந்தத் தொட்டிலில்தான் பொழுதெல்லாம் கிடந்தான்.

அடுத்த வாரமே அவன் கண் மஞ்சளித்தது. பால் குடிக்கவில்லை. டயபரைப் பிரித்தால், பால் கலக்காத தே ஓ நிறத்தில் மூத்திரம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். இன்னும் ஏறினால் உடம்பு இரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று சொன்ன டாக்டர், வீட்டில் புதிதாக எதுவும் பட்டதா என்று கேட்டார். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. செரை எண்ணெயால் இப்படி ஆனதாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். யார் காதில் விழுந்தது? அக்கா, வீட்டிலிருந்த தன் தம்பிக்குப் போன் போட்டு, என் குப்பியைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார். அதையாவது விடுங்கள். தங்கச்சி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, உண்மைய சொல்லு. ஏதாச்சும் தடவுனியா?"

"ஐயோ, நானா? நான் போயி செய்வனாடி?"

"எனக்குத் தெரியாதுக்கா. கொஞ்ச நாளு நீ வேற எங்கயாச்சும் இரு."

நான் வளர்த்த பெண் அவள். துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். ஆனால் பை கட்ட மனம் வரவில்லை. நான் செய்யவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று செய்திருக்கிறது. அது இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. சோப்பு, பவுடர், தலையணை, துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். கடைசியில் தொட்டில் சேலை.

மேலாக அடித்தது அலசிய திரவத்தின் பூ வாசனை. வேலையில் நாங்கள் முதலில் வரும் வாசனையை நம்ப மாட்டோம். எண்ணெயைக் காகிதத்தில் தொட்டு, பொறுத்திருந்து, மறுபடி முகர்வோம். மட்டமான எண்ணெய் கலந்திருந்தால் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். சேலையின் ஒரு முனையைக் கைக்குள் சுருட்டிச் சூடேறும்வரை பிடித்திருந்தேன். பிரித்து முகர்ந்தேன். பூ வாசனைக்கு அடியிலிருந்து பாச்சை உருண்டை கிளம்பி வந்தது.

சேலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இது இதுவரை எங்கே இருந்தது என்று கேட்டார்.

அக்கா விழித்தார். "டிரங்குப் பெட்டியில. அம்மா போனதுலேர்ந்து, பூச்சி அரிக்காம உருண்டை போட்டு வச்சிருந்தேன். ஆனா அந்த உருண்டைய நான் கொண்டாரலையே! அங்கயே எடுத்துப் போட்டுட்டேன். துவைச்சேன்லா!"

அத்தனை வருடம் ஊறியது ஒரு துவையலில் முழுதும் போகாது என்றார் டாக்டர். அந்தச் சேலைக்குள் முகம் புதைத்துத்தான் குழந்தை மூச்சு விட்டிருக்கிறான். நாங்கள் எல்லாரும் உருண்டையைத்தான் தேடித் தேடி எறிந்தோம். உருண்டை போன பிறகும் அது துணியில் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வழியெல்லாம் நான் திட்டித் தீர்க்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அக்கா வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து, "எங்கம்மா சேலைம்மா, எங்கம்மா சேலை" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதற்கே எனக்குச் சரியாக இருந்தது.

இரத்தம் ஏற்றினார்கள். மஞ்சள் மெல்ல இறங்கியது. பிள்ளை பிழைத்து வீடு திரும்பினான். அதுவரை நான் வேலையிடத்திலேயே தங்கியிருந்தேன். தங்கச்சியே போன் செய்து, "வாக்கா" என்றாள். அன்று வேலைக்குப் போகாமல், குளித்து, புது உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். காப்பி கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்டார்.

தங்கச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் குழந்தையைத் தரவில்லை. சும்மா இருந்த கையால் என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோனாள். உள்ளங்கையை முகர்ந்தாள். விரல் இடுக்குகளை முகர்ந்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனாலும் இடது கையையும் நீட்டினேன். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுத்தாள்.