குலசாமி கேட்கப் போனது

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். நண்பர் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. இலையை மடித்த கையோடு கிளம்பிவிட்டேன். காரணம் அவருடைய பேத்தி. கல்லூரியில் படிக்கிற பெண். இந்தப் புதுவருஷத்தில் குடும்ப வரலாறு முழுவதையும் தேடி எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறாளாம். ஒத்திகைக்கு என்னிடமும் செல்போனை நீட்டி, "தாத்தா, உங்க குலசாமி எது?" என்றாள். "மறந்துபோச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

மறக்கவில்லை. வேலை கொடுத்த முதலாளிகளில் பாதிப் பேருடைய பெயர் போய்விட்டது. இந்தப் பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ரோட்டோரம் தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வேகிறது. அந்த உப்பு ஆவி மூக்கில் ஏறினால் எனக்குத் திண்டிவனம்தான். ஆனால் திண்டிவனத்துக்கு முன்னால் விழுப்புரம். எண்பதுகளின் நடுவில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எதிரே இட்லிக் கடை. கடைக்காரரை "மாமா" என்று கூப்பிடுவேன். அவருக்கு வசந்தா என்று ஒரு பெண் இருந்தாள். இல்லாவிட்டால் அவர் ஏன் எனக்கு மாமா ஆகப்போகிறார்?

மாமாவுக்குச் சம்மதம். அத்தைதான் கரண்டியை நீட்டிக் கேட்டாள்: "வேல இல்லாதவனுக்குக்கூடப் பொண்ணு குடுப்பேன். கொலசாமி தெரியாதவனுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நாளைக்கு அவ யாருக்குப் பொங்க வைப்பா, உன் சைக்கிள் பம்புக்கா?"

எங்கள் பக்கத்தில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் அண்ணன் தங்கை முறை, கட்ட முடியாது. அதனால் மாப்பிள்ளையிடம் சம்பளத்துக்கு முன்னால் சாமியைக் கேட்பார்கள். திருப்பி அவர்கள் சாமி எது என்று நான் கேட்கவில்லை. தன் சாமியே தெரியாதவன் அடுத்தவன் சாமியை எந்த வாயால் கேட்பது? அப்பா நிலத்தகராறில் அண்ணனோடு சண்டை போட்டு ஊரை விட்டு வந்தவர். யார் கேட்டாலும் செஞ்சிப் பக்கம் என்று பொய் சொல்வார். சாமி பேச்சையே எடுக்கமாட்டார்.

ஜனவரி ஒண்ணாம் தேதி கடையில் ஆளுக்கொரு தீர்மானம் சொன்னார்கள். ஒருவன் பீடியை விடப்போவதாகச் சொன்னான், வாயில் பீடியோடு. "இந்த வருஷம் எங்க கொலசாமியக் கண்டுபிடிக்கப் போறேன்" என்றேன் நான்.

"சாமி இன்னாடா, காணாமப் போன சைக்கிளா?" என்று சிரித்தார்கள்.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த வசந்தா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஏதாவது ஒரு பேரச் சொல்லித் தொலையேன்யா. எங்கம்மா இன்னா, கோயிலு கோயிலாப் போயி விசாரிச்சிக்கினா இருக்கப் போறா?"

நான் கேட்கவில்லை. பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். அரைப்படிப்புக்காரனுக்கு இப்படித்தான் தேவையில்லாத இடத்தில் நியாயம் வரும்.

அப்பா ஒருமுறை காய்ச்சலில் உளறிய ஊர் மயிலத்துக்குக் கிழக்கே இருந்தது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பெரியப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"அவன் செத்துட்டானா?"

"ஆமாங்க, பெரியப்பா."

"நல்லது. இப்ப நீ நெலத்துல பங்கு கேட்டுக்கினு வந்துட்டியாக்கும்?"

"நெலம் வாணாங்க. சாமி பேரு மட்டும் சொன்னா போதும்."

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டியாடி! தம்பி மவன் சாமிய மட்டும் எடுத்துக்கினு போறானாம்!" என்று வீட்டுப் பக்கம் கத்தினார். இவ்வளவு மலிவில் முடிந்த சந்தோஷத்தில் எனக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன.

"வேம்படி வீரன்" என்றார். "ஏரிக்கரையில கீறாரு. ஊருச் சாமி இல்ல, நம்ம பங்காளிங்க நாலஞ்சு வூட்டுக்கு மட்டும் சொந்தம்." ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒருத்தன் விழுப்புரத்துல ரயில் கேட்டாண்ட இட்லிக் கட வச்சிக்கினு கீறான். உனுக்குச் சித்தப்பன் மொற. அவனுக்கு ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, கூடப் பொறந்த ஆம்பள இல்ல. அண்ணங்காரன் நீ ஆப்ட்ட. மணவறையில பொரி போட நீதான்டா நிக்கணும்."

களி தொண்டையில் நின்றது. "மொளகா கடிச்சிட்டியா?" என்று பெரியம்மா தண்ணீர் கொடுத்தாள்.

நல்ல செய்தியைச் சித்தப்பனுக்கு ஆள் விட்டுச் சொல்வதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்தார். நிலத்தில் காட்டாத நாணயத்தை இதில் காட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. திண்டிவனம் ரோட்டில் நடந்தேன். சைக்கிள் கடையில் என் மாற்றுச் சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டேன். சித்திரையில் வசந்தாவுக்குக் கல்யாணமாம். பொரி போட யார் நின்றார்களோ தெரியாது.

ரயில்வே கேட் இருந்த இடத்தில் இப்போது பாலம். இட்லிக் கடை, சைக்கிள் கடை இரண்டும் அதன் தூண்களுக்கு அடியில் போய்விட்டன. ஏரிக்கரை வேம்பையும் ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள் என்றார்கள். வீரன் எங்கே போனாரோ. ஒருமுறைகூட நான் அவரைப் பார்த்ததில்லை.

திண்டிவனத்தில் நான் மூட்டை தூக்கிய மல்லாட்டை மண்டியும் இப்போது இல்லை. பெரியப்பா ஊரிலிருந்து நடந்த மறுநாள் காலை அதன் வாசலில்தான் போய் நின்றேன். மேஸ்திரி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: "எந்த ஊருடா? யாரு மவன்?"

"ஊரு கெடையாதுங்க. சொந்தக்காரங்களும் யாரும் இல்ல."

"கொலசாமிக்குப் பொங்க வைக்கணும்னு லீவு கேட்டுக்கினு வந்து நிப்பியா?"

"எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் இல்லீங்க."

"நீதான்டா எனக்கு வேண்டிய ஆளு" என்று குச்சியைத் துப்பிவிட்டு, முதல் மூட்டையை என் முதுகில் ஏற்றினார்.