சனிக்கிழமைக் கத்தி

என் மனைவிக்கு முழங்கால் போனது ஜீப்பில். மலையில் களையெடுத்துவிட்டுத் திரும்பும்போது, பின்பக்கம் தொற்றிக்கொண்டு வந்தவள் ஒரு வளைவில் கீழே விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, மடக்கத்தான் முடியவில்லை. காலை மடக்காமல் அரிவாள்மனையில் உட்கார முடியாது. எங்கள் வீட்டிலோ அரிவாள்மனையை விட்டால் வேறு கிடையாது.

அதனால் எதிர்வீட்டு அக்கா தினமும் வந்து காய் நறுக்கிக் கொடுத்தாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் வெண்டைக்காயை விரல் நீளத்துக்குப் போடுவாள். என் மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தப் பொரியலைத் தட்டில் போட்டுக்கொள்ளவும் மாட்டாள். தெருவே அவளிடம் கேட்டுச் சமைத்த காலம் உண்டு. அப்படிப்பட்டவளுக்கு அடுத்தவர் நறுக்கியதைக் கிண்டுவது எவ்வளவு சிறுமையாக இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நான்தான் வீட்டிலேயே இருப்பதில்லையே.

எனக்குச் சோலி மேலே, ஏலத்தோட்டத்தில். பறித்த காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டோரின் சூடு என் கையில் இருந்தது. கொஞ்சம் கூடிப்போனால் காய் மஞ்சளடித்துவிடும், மஞ்சளடித்த காயை வியாபாரி திரும்பிப் பார்க்கமாட்டான். பச்சை கலையாமல் இறக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போடியில் இருக்கும் வீட்டுக்கு இறங்குவேன். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து மறுபடி ஜீப்பேறிவிடுவேன். எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

கொரோனாவில் மலைப்பாதையை அடைத்தார்கள். கல்யாணமாகி முதல் தடவையாக மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். இரண்டாம் நாளே அவளுக்கு அலுத்துவிட்டது.

"பூனை கணக்கா அடுப்படியையே சுத்தாதீக. போயி அந்தப் போனையாச்சும் பாருங்க."

பார்த்தேன். அதில் ஒரு ஜப்பான்காரர் இரும்பைத் தட்டி அடுப்படிக் கத்தி செய்துகொண்டிருந்தார். பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் ஒரு பெண் மேசை முன்னால் நின்றுகொண்டே முள்ளங்கியைக் காகிதம் மாதிரி சீவினாள். நான் பார்த்தது முள்ளங்கியை அல்ல, அவள் நின்றுகொண்டிருந்ததை. கடையில் நூறு கத்தி கிடைக்குமே என்று யாரும் கேட்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. வேலையில்லாதவனுக்குப் பிடித்த பைத்தியம் லேசில் விடாது.

ஜீப்புக்கு அடியில் மாட்டும் வில்பட்டை ஒன்று வீட்டுக் கொல்லையில் கிடந்தது, நல்ல எஃகு. பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தது, அதுதான் பட்டறைக்கல். ஓட்டை வாளிக்குள் களிமண் பூசி, சிரட்டைக் கரியைக் கொட்டினேன். கட்டிக்கொடுத்த மகள் விட்டுப்போன தலைமுடி உலர்த்தும் மெஷின்தான் துருத்தி. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து அவளே பிடித்தாள்.

"காத்து போதுமா? இன்னும் வைக்கவா?"

அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கரித்தூள் அப்பிய முகத்தோடு அவள் சிரித்ததும், நடுவில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இருவரும் காப்பி குடித்ததும் நினைவுக்கு வந்தால் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரெல்லாம் பயந்து கிடந்த காலத்தை நல்ல காலம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நல்ல காலம்தான்.

கத்தி உருவாகி வந்தது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அப்படி முக்கிய எஃகு கண்ணாடி மாதிரி, விறைப்பாக இருந்தாலும் சில்லுப் பெயர்ந்துவிடும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். வாணலியில் மணலைக் காய்ச்சி அதில் கத்தியைப் படுக்கவைத்தேன். மேலே வைக்கோல் நிறம் ஏறும்வரை விட வேண்டும் என்று படத்தில் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். நானும் பார்த்திருந்தேன். ஆனால் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்ததோ இல்லையோ, என் கை தானாகப் போய் வெளியே இழுத்துவிட்டது. இருபது வருஷமாக மஞ்சளைக் கண்டால் பதறிய கை அது. பளபளவென்று இருந்த கத்தியைப் பார்த்து, நிறம் கலையாமல் இறக்கிவிட்டேன் என்று மீசையை வேறு முறுக்கிக்கொண்டேன்.

கொண்டுபோய் நீட்டினேன். "கைல குடுக்காதீக, கீழ வைங்க," என்றாள். வைத்தேன், எடுத்துக்கொண்டாள். மேடைமுன் நின்று பரங்கிக்காயை நறுக்கிக் குழம்பு வைத்து, எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். கத்தியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டைக் காணோம்.

செருப்புப் போடாமல் ஓடினேன். அந்த அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டைப் பிடுங்கினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவள் நினைத்திருப்பாள். இரண்டு வீட்டுக் குழம்பையும் கொட்டிவிட்டு, பழைய ஸ்பீக்கரின் காந்தத்தால் துழாவினேன். துண்டு பரங்கிக்காய்த் தோல் குவியலில் இருந்தது.

மறுநாள் காலையில் என் மனைவி அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நறுக்கியும் முடித்தாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குக் கத்தியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எதுத்த வீட்டு அக்காவே வந்து நறுக்கட்டும்."

அன்றே அடுத்ததைத் தொடங்கினேன். இந்த முறை மணலில் கத்தி மஞ்சளாகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் அதைத் தொட நான்கு நாளாயிற்று. நறுக்கி முடிக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பை விளக்கில் பிடித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். பத்தாம் நாள் வெண்டைக்காயைப் பொடியாக அரிந்து வதக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். "நாளையில இருந்து நீங்க செரமப்பட வேணாங்க்கா," என்று வாசலில் நின்றே சொன்னாள். அன்று அவள் முகத்தில் பார்த்ததைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

பாதை திறந்தது, நான் மலையேறினேன். ஒரு வாரத்தில் போன் வந்தது.

"கத்தி மழுங்கிருச்சு. சனிக்கிழமை வந்து தீட்டிக் குடுத்துட்டுப் போங்க."

இறங்கி வந்து தீட்டினேன். அடுத்த வாரமும் அதே போன். மஞ்சள் அதிகமாக ஏறவிட்டு எஃகை இளக்கிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்னும் இரண்டு கத்தி அடித்தேன். அவையும் வாரத்துக்கு வாரம் மழுங்கின. "என்ன மாப்ளே, ஒன் ஜப்பான் கத்தி வெண்டைக்காய்க்கே தாங்கலையா?" என்று ஜீப்புக்காரர் கேலி செய்வார். சில சனிக்கிழமைகளில் நான் வரவில்லை. "லோடு கெடக்கு, எதுத்த வீட்டுல கத்தி வாங்கிக்க," என்று சொல்லிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் தொடர்ந்து மூன்று வாரம் அப்படிச் சொன்னேன்.

போன வருஷம் மலைவேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டேன். மாதங்கள் ஓடின. ஒருநாள் பழக்க தோஷத்தில் தீட்டுக்கல்லை நனைத்து வைத்துக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். தக்காளித் தோலில் வைத்ததும் இறங்கியது. நம்ப முடியவில்லை.

"ஆறு மாசமாச்சு. இன்னும் மழுங்கவே இல்லையே?"

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அம்மில தேச்சாத்தானே மழுங்கும். ஆளுதான் இங்கன இருக்கீகளே."

அந்த மூன்று வாரம்தான் கண்முன் வந்தது. அவள் போய் எதிர்வீட்டில் கத்தி கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"நான் வராதப்ப எப்படி நறுக்குன? மத்த ரெண்டு கத்தி இருந்துச்சுல்ல?"

"அதையுந்தான் தேச்சுட்டேன்," என்றாள்.