புதுச்சேரி எண் போட்ட கார்

அரசிடம் பணமில்லை, பேச்சுப் பயிற்சி ஆசிரியை இனி வரமாட்டார் என்று லிங்கராஜபுரத்தில் என் மகனின் காதுகேளாதோர் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அவன் ‘அம்மா’ சொல்லத் தொடங்கியிருந்தான். வாசலில், அதே பள்ளியில் படிக்கும் மகளோடு நின்றார் காக்கி உடுப்பணிந்த போக்குவரத்து ஆய்வாளர். போகிற கார்களின் எண்களையே அவர் கண்கள் தேடின. புதுச்சேரி எண்ணோடு ஒரு சொகுசுக் கார் போனது.

“ஓட்றது இங்க, வரி கட்றது அங்க. அங்க கம்மி மேடம்.”

“புடிக்க வேண்டியதுதானே சார்?”

“தினமும் புடிக்கிறேன். அங்கதான் குடியிருக்கோம்னு ஒரு வாடகை வீட்டுப் பத்திரம் காட்டுவாங்க. ரூல்ல இடம் இருக்கு, விட்றணும்.”

பிறகு குனிந்து, மகளுக்குத் தெரியும்படி வாயை அகலத் திறந்து, “கார்” என்றார். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னார். அவர்மேல் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.