மச்சாளின் சுருதி

அந்தப் பேட்டி தொலைக்காட்சியில் போனபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் மச்சாளின் குரல் கேட்டதும் செதிள் ஒட்டிய கையோடு ஓடிவந்து நின்றேன். "இருபத்தஞ்சு வயசிலை பாடின அதே சுருதியிலைதான் இண்டைக்கும் பாடுறன். கடவுள் தந்த குரல்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பேட்டி எடுத்த பெண் என்னைப் பற்றிக் கேட்டாள். மச்சாள் சிரித்தார். "அவ சும்மா பக்கத்திலை நிண்டு பெட்டியைத் தட்டுவா."

மச்சாள் என் மாமாவின் மகள், என்னைவிட மூத்தவர். கொட்டாஞ்சேனை மாதா கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற எங்களை, முப்பது வருஷமாகப் பொப் பாட்டு மேடைகளில் 'மச்சாள்மார்' என்றே அழைக்கிறார்கள். முதல் குரல் அவர். இரண்டாம் குரலும் கீபோர்ட்டும் நான். மெட்டுகளில் பாதிக்கு மேல் என் வீட்டு மேல்மாடியில் நான் போட்டவை. இருவருக்கும் ஒரே நிறத்தில் சேலை. ஓட்டோவில் அவர் கண்ணாடி பார்த்து லிப்ஸ்டிக் பூச, கீபோர்ட் என் மடியில் கிடக்கும். அவர் தொண்டைக்கு மல்லித்தண்ணி அவித்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போவதும் நான்தான்.

வயது ஏற அவர் குரல் இறங்கத் தொடங்கியது. மேலே போகும் இடங்களில் கீறியது. சொன்னால் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கீபோர்ட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் விரல் பழைய இடத்திலேயே வாசிக்க, பாட்டின் சுருதி முழுவதும் அரைப்படி இறங்கும். ஒருமுறை அரைப்படி, சில வருஷம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று ஒருவருக்கும் தெரியாமல் இறக்கிக்கொண்டே வந்தேன். மேடையில் மச்சாள் ஒருநாளும் என் பக்கம் திரும்பாதவர், அதனால் அவருக்கும் தெரியாது. கடவுள் தந்தாராம்! தந்தது இந்தப் பெட்டி தட்டுகிறவள்.

அடுத்த நிகழ்ச்சி வெள்ளவத்தையில். பேட்டி பார்த்த சனத்தால் மண்டபம் நிறைந்திருந்தது. எங்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டை, அவர் இருபத்தைந்து வயதில் பாடிய அதே சுருதியில் வைத்துத் தொடங்கினேன். பல்லவியை ஒருவாறு ஒப்பேற்றினார். சரணம் ஏறியபோது குரல் பிளந்தது. அடுத்த வரியில் காற்று மட்டும் வந்தது. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மச்சாள் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் குரல் இன்னும் அங்கே போகும். அவருடைய வரிகளை நானே எடுத்துப் பாடி முடித்தேன். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மேடைக்குப் பின்னால் வந்ததும், "பெட்டிக்கு என்னடி செய்தனி?" என்றார்.

"நீங்கள் சொன்ன அதே சுருதிதான் மச்சாள். இவ்வளவு வருஷமும் நான் குறைச்சுத் தந்தனான். இண்டைக்குத் தரேல்லை."

கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்தச் 'சும்மா' காதில் கேட்டது, பாவம் போய்விட்டது.

நேற்று போன் எடுத்தார். சனிக்கிழமை ஹெந்தளையில் எங்களுக்கு ஒரு கலியாண நிகழ்ச்சி இருக்கிறது. சுகம் விசாரித்தார், மழையைப் பற்றிக் கதைத்தார், கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "சனிக்கிழமை குறைப்பியோ?"

"ஆர் குறைச்சுத் தந்ததெண்டு அதே டீவியிலை போய்ச் சொல்லுங்கோ. பிறகு குறைக்கிறன்."

போனை வைத்துவிட்டார். இன்று வியாழக்கிழமை. அவர் இன்னும் டீவியில் சொல்லவில்லை. நான் இரண்டு குரலின் வரிகளையும் தனியாகப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.