வந்து சேர்ந்த தேதி

நீங்கள் இந்தியாவுக்கு என்றைக்கு வந்தீர்கள்? சிரிக்காதீர்கள். நாள், மாதம், வருடம், மூன்றும் வேண்டும்.

குடியுரிமை விண்ணப்பத்தில் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நான் பிறந்தது பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில். வளர்ந்தது தாமிரபரணிக்குப் பக்கத்தில், இலங்கை அகதிகள் முகாமில். பி.காம். முடித்தாயிற்று. கேம்பஸில் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்தும்விட்டது. குடியுரிமைச் சான்று, குறைந்தது விண்ணப்பித்த ரசீதாவது, இருந்தால்தான் வேலை என்றார்கள்.

முகாமுக்கு எதிரில் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சிதான் டைப் அடித்தார்.

"ஏட்டி, எதுல வந்தே? கப்பலா, பிளேனான்னு கேக்குது."

"ஆட்டோல, அண்ணாச்சி. ஆஸ்பத்திரில இருந்து ஆட்டோலதான் தூக்கிட்டு வந்தாங்களாம்."

"வாயி கூடிப்போச்சு ஒனக்கு. முகாம் அட்டைய எடு."

முகாம் அட்டை குடும்பத்துக்கு ஒன்று. வந்த தேதி என்று மேலே ஒன்றுதான் இருக்கும். எங்கள் அட்டையில் இருப்பது, அம்மா சின்னப் பிள்ளையாகப் படகில் வந்து இறங்கிய நாள். பிறகு யார் பிறந்தாலும் பெயரை அடியில் சேர்ப்பார்கள், தேதியைத் தொடமாட்டார்கள். முகாமில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அட்டைப்படி அந்தப் படகில் வந்ததுதான். பழகிப்போனதால் எங்களில் ஒருவரும் இதை யோசித்ததில்லை. அண்ணாச்சியும் யோசிக்காமல் அதையே அடித்தார். கட்டம் சிவப்பாகிவிட்டது. பிறப்பதற்கு முன்னால் வர முடியாதாம். கம்ப்யூட்டருக்காவது தெரிந்ததே.

"அப்ப பொறந்த தேதியவே வந்த தேதியாப் போட்டுருவோமா?"

"போடுங்க."

சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒரு பக்கம் விடாமல் வாசித்தாள். 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடப் போகும்போது தாளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்றைக்கும் மன்னார்ப் பேச்சுதான்.

"நீ எங்கயிருந்து வந்தனி, பிள்ளை?"

"எங்க இருந்தும் வரலம்மா. சும்மா கட்டத்த நெரப்பணும்."

"வந்தது நான். படகுக்காரன் நடுக்கடலில மணல் திட்டில இறக்கிப்போட்டுப் போயிட்டான். விடியுமட்டும் இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டனாங்கள். நீ ஏன் வந்தனெண்டு எழுதுறாய்?"

"எழுதலன்னா வேலை போயிரும்மா."

தாளை விட்டுவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

கலெக்டர் ஆபீசில் கிளார்க் அட்டையையும் பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அட்டைல ஒரு தேதி, இதுல ஒரு தேதி. எது நெசம்?"

"ரெண்டும் இல்ல சார். நான் இங்கனதான் பொறந்தேன்."

"அப்ப வந்த தேதி?"

"வரவே இல்ல சார்."

"வராத ஆளுக்கு எதுக்கும்மா குடியுரிமை?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். கிளார்க் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அட்டையில் தேதியை மாற்றி வாங்கிக்கொண்டு வா, பைய பார்ப்போம் என்று ரசீது போடாமல் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். முகாம் ஆபீசிலோ, அது குடும்பத்துக்கான தேதி, ஒருத்திக்காக மாற்ற முடியாது என்றார்கள். மறுபடி கிளார்க்கிடம் போனேன். மறுபடி அங்கே அனுப்பினார்.

நெல்லைத் தமிழில் என்னைக் கிண்டல் பண்ணுகிறவர்களுக்கு நெல்லைத் தமிழிலேயே திருப்பிக் கொடுப்பேன். அந்த இரண்டு மேசைகளிலும் 'சரி சார்' மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையை எழுத அந்தப் பாரத்தில் இடமில்லை. எழுதிய பொய்யும் செல்லவில்லை.

கம்பெனியில் சேர வேண்டிய நாள் போன திங்கட்கிழமை. அம்மா இன்னும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை முகாமில் ஆள் இருக்கிறோமா என்று பார்க்கும் கையெழுத்து வரிசையில் நின்று போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.