வாசற்படிகளை எண்ணியவர்

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தோணிசாமி சாருக்குத்தான் போன் செய்தேன். அடுத்த ஆண்டு எந்தெந்தத் தெருவுக்கு ரோடு போடுவது என்ற பட்டியல் என் மேசையில் இருந்தது. ஓடைத் தெருவின் அகலத்தை அவர் கையெழுத்தில் படிக்க முடியவில்லை. போனை எடுத்த சத்தம் கேட்டதுமே, "சார், ஓடைத் தெரு அகலம் மூணுங்களா, அஞ்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன். எடுத்தது அவர் மகள். "மேடம், அப்பா விடியக்காலைல போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு, அவ்வளவுதாங்க" என்றாள். அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

எங்கள் பேரூராட்சியில் அவர் பணி ஆய்வாளர், நான் தலைமை எழுத்தர். அவர் அரூரிலிருந்து மாற்றலாகி வந்த நாள்முதல் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. அந்தோணிசாமி என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, 'படி சார்' என்றால் எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு நீள நோட்டோடு தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டுக்கும் ரோட்டிலிருந்து எத்தனை படி ஏறவேண்டும் என்று எண்ணி எழுதிக்கொண்டு வருவாரே, அவர்தான். சந்தைத் தெரு மளிகைக்காரர் ஒருமுறை பதறிப்போய், "இனிமே படிக்கும் வரி போடப் போறீங்களா?" என்று கேட்டாராம். "வரியெல்லாம் இல்லீங்க, மழைக்குப் பயந்து எண்ணுறேன்" என்றாராம் சார். மளிகைக்காரர் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், காரணம் தெரிந்திருந்தும்.

காரணம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. அவரை அறிந்த உங்களுக்காவது இப்போது சொல்லிவிடுகிறேன்.

தெருவுக்கு ரோடு எப்படி வருகிறது என்று பலருக்கும் தெரியாது. கவுன்சிலர்கள் ஆளுக்கொரு தெருவைக் கேட்பார்கள். எந்தத் தெரு அரசுத் திட்டத்தில், எந்தத் தெரு எங்கள் பொது நிதியில் என்று பிரிப்போம். பணி ஆய்வாளர் மதிப்பீடு போடுவார், மன்றம் தீர்மானம் போடும், பிறகு டெண்டர். இதில் எப்போதும் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. பழைய கான்கிரீட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வருகிற நிதிக்கு இரண்டு தெருதான் ஆகும். பழையதன் மேலேயே போட்டால் மூன்று தெரு ஆகும். கேட்பவர்கள் எப்போதும் மூன்று பேராக இருப்பார்கள்.

வண்டிப்பேட்டைத் தெருவுக்கு மதிப்பீடு போட்ட வருடம் அதுதான் நடந்தது. தோண்டுகிற வேலையையும் சேர்த்துத்தான் சார் எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டால் மூன்றாவது தெருவும் அடங்கும் என்று மேலே இருந்து சொன்னார்கள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம், ஃபைல் தாமதமானால் என்னைத்தான் கேட்பார்கள் என்று. "ஒரு ஐட்டம்தானே சார், எடுத்துட்டுப் போடுங்க" என்றேன். போட்டார். மூன்று தெருவுக்கும் ரோடு வந்தது, மாலை மரியாதையெல்லாம் நடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஒரு மணி நேரம்கூடப் பெய்திருக்காது. வண்டிப்பேட்டைத் தெருவிலிருந்து போன் வந்து நாங்கள் இருவரும் ஓடினோம். ரோடு வீட்டு வாசலைவிட உயரமாக இருந்தது. தண்ணீர் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து பாயில் கிடந்தவரின் தலையை அவர் மனைவி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். தண்ணீர் அவர் காதைத் தொட்டிருந்தது. சார் அவரை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் பிழைத்தார். ஆனால் அந்த மனைவி எங்களைத் திட்டவில்லை. "ரோடு நல்லாத்தாங்க போட்டீங்க, வூடுதான் கீழ போயிருச்சி" என்றாள், அவ்வளவுதான். 

அதற்குப் பிறகுதான் நோட்டு வந்தது. மேற்கே கறுத்தாலே சார் மேசையை விட்டு எழுந்து ஜன்னலருகே போய் நிற்பார். காப்பி ஆறிவிடும். "என்னங்க சார், நாலு தூறலுக்கே இப்பிடியா?" என்று கேட்டால், "பயப்படாதவன் எஸ்டிமேட் போடக் கூடாதுங்க மேடம்" என்பார். நான் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் என் பயமெல்லாம் அதிகாரிகள்மேல், மெமோமேல். அவருக்கு வானத்தைப் பார்த்தால்தான் பயம். மூன்று தெரு கேட்டு வந்த கவுன்சிலரிடம் ஒருநாள், "ரெண்டு தோண்டிப் போடலாங்க. மூணாவது தெரு எங்கயும் ஓடிறாது, அடுத்த வருசமும் அங்கியேதான் இருக்கும்" என்றார். கவுன்சிலர் முறைத்துவிட்டுப் போனார். போன பிறகு பார்த்தால் சாரால் பேனா மூடியைக்கூடச் சரியாகப் போட முடியவில்லை. அவருக்கும் ஆட்கள்மேல் பயம் உண்டா என்று எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவரை அடக்கம் செய்த மாலை, பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும், அவர் மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். "இது ஆபீஸ்துங்களா? தலமாட்டுலயே வச்சிருந்தாரு" என்றாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன், திறக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே எங்கள் செயல் அலுவலர் ஓடைத் தெரு ஃபைலை என்னிடம் நீட்டினார். அந்தோணிசாமி சார் அதில் தோண்டும் வேலையைச் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். "இந்த ஐட்டத்த எடுத்துட்டா மூணு தெருவும் அடங்கிருங்க மேடம். வாரக் கடைசில மன்றம். பொறுப்புக்கு வர்ற ஆய்வாளர் ரெண்டு ஊரப் பாக்குறவரு, கையெழுத்துப் போட்டுருவாரு. ஒரு ஐட்டம்தானே" என்றார். நான் சொன்ன அதே வார்த்தை. சரிங்க சார் என்று சொல்லி, அதை நானே கணினியில் எடுத்தேன். சாரை மண்ணில் வைத்து ஒருநாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடிவைத்தேன். நோட்டை எடுத்தேன். ஓடைத் தெருவில் வீட்டுக்கு வீடு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பக்கத்திலேயே பொடி எழுத்தில்: 'கைக்குழந்தை, தூளி கிடையாது, தரையில் பாய்.' 'அம்மா நடக்க முடியாதவர்.' 'பகலில் பிள்ளைகள் மட்டும், பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.' அந்தக் கடைசி வரிக்கு மேல் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. கை தானாகப் பக்கங்களைத் தள்ளியது. நான் குடியிருக்கிற தெருவும் இருந்தது. 'சாந்தி மேடம் வீடு, 2 படி. மேலேயே ரோடு போட்டால் 1. அடுத்த முறை 0.' என் வீட்டு வாசலில் அவர் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எடுத்த வரியை மறுபடியும் சேர்த்தேன். பழைய கான்கிரீட்டை அகற்றாமல் ரோடு போட்டால் ஓடைத் தெருவில் எல்லா வீடுகளுக்குள்ளும் தண்ணீர் இறங்கும் என்று ஒரு அலுவலகக் குறிப்பு எழுதி, நோட்டின் பக்கங்களை நகலெடுத்து இணைத்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். இத்தனை வருட வேலையில் யாரும் கேட்காமல் நான் எழுதிய முதல் குறிப்பு. செயல் அலுவலர் இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்த வேல? ரிடயர்டு ஆகப் போற நேரத்துல" என்றார். "பயமா இருக்குதுங்க சார்" என்றேன். யாருக்குப் பயப்படுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஃபைலை மூடி வைத்துக்கொண்டார்.

நாளை மன்றக் கூட்டம். அந்தக் குறிப்பைப் படிப்பார்களா, ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று தெருவுக்கும் கை தூக்குவார்களா, தெரியவில்லை. அந்தோணிசாமி சார் இருந்திருந்தால் எழுந்து நின்று பேசியிருப்பார். அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு நோட்டும் ஒரு பயமும். நோட்டை என்றைக்காவது அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பயத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

மாரண்டஹள்ளிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. என் காப்பி ஆறட்டும். எழுந்துபோய் அவருடைய ஜன்னலருகே நிற்கிறேன்.