தலையாட்டாமல் கேட்ட றெபேக்கா

றெபேக்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்து ஒஸ்லோவில் குடியேறியவர்கள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த நகரின் ட்வெய்ட்டா பகுதியில். தாதி, கணக்காளர், பொறியியலாளர் என்று நம்மவர் பிள்ளைகள் போகிற வழியெல்லாம் அவளுக்கும் திறந்தே கிடந்தது. அவளோ பொலிஸ் கல்லூரிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று தேவாலயப் பங்கில் கேட்காத ஆள் இல்லை. இன்று அதே ஆட்கள் காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தித் தண்டம் வாங்கினால் முதலில் அவளுக்குத்தான் போன் எடுக்கிறார்கள். அவள் மசிவதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, ஸ்பானிய மொழி படிக்கக் கிளம்பியதற்குக் காரணம் மார்செலா என்ற பெண். அவள் வாய் திறக்காமல் போனதுதான் காரணம்.

அது ஏப்ரல் மாதம். வெஸ்ட்லி என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பெண் அழும் சத்தம் கேட்கிறதென்று அயலவர்கள் அறிவித்தார்கள். றெபேக்காவும் அவளோடு ரோந்து போகும் நோராவும் போனார்கள். கதவைத் திறந்த மனிதர் உபசாரத்தில் குறை வைக்கவில்லை. கோப்பி குடிக்கிறீர்களா என்றார். வீட்டு வேலைக்கு இருக்கும் மார்செலா கொலம்பியாக்காரி, ஊர் நினைவு வந்து அழுதாள், அவளுக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும், வேண்டுமானால் நான் மொழிபெயர்க்கிறேன் என்றார்.

அவருடைய மொழிபெயர்ப்பை றெபேக்கா ஏற்கவில்லை. மார்செலாவைத் தனியாகச் சமையலறைக்குள் கூட்டிப்போய்த் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள். ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்செலா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. றெபேக்காவிடம் சொல்வதற்கு ஒரு சொல்கூட இல்லை. வெளியே அந்த மனிதர் அடிக்கடி உரக்க இருமினார். ஒவ்வோர் இருமலுக்கும் மார்செலாவின் தோள்கள் ஒடுங்கின. கடைசியில் மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னாள். ஒன்றுமில்லை என்கிறவளை எந்தச் சட்டத்தில் கூட்டிக்கொண்டு போவது? சந்தேகத்தை மேலே அறிவித்தார்கள். விசாரிப்போம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் றெபேக்காவுக்குக் கோபம் ஆறவில்லை.

“அவ கதைக்கத்தான் நிண்டவ, றொஷான். நான்தான் மரம்மாதிரி நிண்டனான். மொழிபெயர்ப்பாளர் லைனிலை வாறதுக்குள்ளை அவவின்ரை வாய் பூட்டுப்பட்டுப் போச்சு,” என்றாள் கணவனிடம்.

“அதுக்கு இப்ப என்ன செய்யப்போறீர்?”

“ஸ்பானிஷ் படிக்கப்போறன்.”

றொஷான் சிரித்தான். “நீர் படிச்சு முடிய அவ கிழவியாப் போயிடுவா.”

“போகட்டும். நான் படிக்கிறன்.”

மேலதிகாரியும் ஏறக்குறைய இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அதற்குத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்களே என்றார். வாக்குமூலம் என்றால் அவர்கள் இல்லாமல் எடுக்கக்கூடாது என்பது றெபேக்காவுக்கும் தெரியும். அது நல்ல விதி என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை உள்ள நேரம் யாருடையது? வெளியே நின்று இருமுகிறவனுடையது. அந்த நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பொலிசாருக்கும் அம்புலன்ஸ்காரருக்குமென்று அடிப்படை ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பை நகருக்குள் கண்டுபிடித்தாள். நடத்தியவள் பவுலா, சிலி நாட்டுக்காரி, றெபேக்காவின் வயதுதான். அவளுடைய பாடத்தில் பூனையும் இல்லை, ஆப்பிளும் இல்லை. கைகளைக் காட்டுங்கள். எங்கே வலிக்கிறது? ‘நோ எஸ்தா தெத்தெனீதா’, நீங்கள் கைது செய்யப்படவில்லை. ‘லெ எஸ்கூச்சோ’, உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். றெபேக்கா இவற்றை ரி-பானா ரயிலில் முணுமுணுத்தாள், சோறு வடிக்கும்போது முணுமுணுத்தாள். கைகளைக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டப் பழகிவிட்டார்கள். நாக்கு நன்றாகவே வளைந்தது. வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் வந்துவிட்டது.

அந்த மிதப்பு ஒரே மாலையில் இறங்கியது. பவுலா முறைப்பாடு சொல்ல வந்த பெண்ணாக நடித்தாள். றெபேக்கா எல்லாவற்றையும் சரியாகக் கேட்டாள். பவுலா அழுகிற குரலில் கதையைத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

“நீங்கள் என்னை நம்பவில்லை,” என்றாள் நோர்வேஜிய மொழியில்.

“நம்பாமல் என்ன? நன்றாகத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்!”

“நான் வாய் திறந்த நேரத்திலிருந்து இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுகிறீர்கள். போதாததற்கு, ஏதோ பயங்கரத்தைக் கேட்டவள்போல மூச்சை வேறு உள்ளே இழுக்கிறீர்கள். உண்மையாகவே அடிபட்டு வந்தவள் என்றால் இந்நேரம் எழுந்து போயிருப்பாள்.”

தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துக் கேட்பது றெபேக்காவுக்கு மன்னாரிலிருந்து வந்த சொத்து. நம்மவர் மொழியில் அதற்கு ‘ஓம், சொல்லுங்கோ’ என்று பொருள். மூச்சை உள்ளே இழுத்து ‘யா’ என்பது நோர்வேக்காரரின் வழக்கம். அதற்கும் அதே பொருள்தான். இரண்டையும் ஒருசேரச் செய்கிறவர்கள் ஒஸ்லோவில் வளர்ந்த நம் பிள்ளைகள் மட்டும்தான். இங்கே யாரும் அதைக் குறையாகப் பார்த்ததில்லை. புதிதாக வந்த ஒருத்திக்கோ அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதாகப்படும்.

சொற்களைப் படிப்பது சுலபம், கழுத்தை அடக்குவதுதான் பாடு. றெபேக்கா விடுவாளா? அம்மா புளோறன்சைப் பிடித்து முன்னால் இருத்தினாள். பூசைக்குப் பிறகு கோப்பி ஊற்றும் இடத்தில் நடந்த சண்டையை அம்மா ஆசையோடு சொல்லத் தொடங்கினார். மகள் ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

“என்னடி, கழுத்துப் பிடிச்சிட்டுதே?”

“இல்லை அம்மா. சொல்லுங்கோ, கேக்கிறன்.”

“கேக்கிற முகமே இது? சுவரோடை கதைக்கிறமாதிரிக் கிடக்கு. நான் போறன்.”

இருக்கிற ஒரே ஆளும் எழுந்து போனால் பயிற்சி எப்படி நடக்கும்? தலை சும்மா இருந்தால் போதாது, அதன் வேலையை வேறேதாவது செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண்ணை எடுக்காமல் பார்க்கப் பழகினாள். உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து வைக்கப் பழகினாள். மூச்சை மூக்கால் மெல்ல விட்டாள். கோடை முழுவதும் அம்மா பங்கின் சண்டைகள் அத்தனையையும் சொல்லித் தீர்த்தார். கடைசியில் ஒருநாள் இடையில் நிறுத்தாமல், தான் சொல்ல நினைக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். றெபேக்கா அதை யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சரி என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஒக்டோபரில் ட்வெய்ட்டா கடைத்தொகுதியிலிருந்து காவலாளி அழைத்தார். காசு கொடுக்காமல் பொருள் எடுத்த ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேன், பேச்சு விளங்கவில்லை என்றார். சிறிய அறை. மேசையில் அவள் எடுத்த பொருள் இருந்தது: மாதவிடாய்க்குப் பாவிக்கும் பாட் பொதி ஒன்று. நாற்காலியில் குறுகி இருந்தவள் மார்செலா.

வேலைக்கென்று ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, இதற்குக்கூட அந்த வீட்டு மனிதர் அவள் கையில் காசு கொடுக்கவில்லை. ஒரு மனிதர் இந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு கடை கடையாகப் போகிறார் என்றார் காவலாளி. நோரா வெளியே போய்க் கதவடியில் நின்று, பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டுமென்று அழைத்தாள். காத்திருக்கச் சொன்னார்கள்.

மறுபடியும் அதே காத்திருப்பு. அந்த ஆள் வந்து சேர்ந்தால் இவள் வாய் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். இந்த முறையும் ஒன்றுமில்லை என்றால், மூன்றாம் முறை என்று ஒன்று கிடைக்கப்போவதில்லை.

றெபேக்கா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். கைகளை மேசைமேல் விரித்து வைத்தாள்.

“நோ எஸ்தா தெத்தெனீதா,” என்றாள். மார்செலா நிமிர்ந்தாள். ஒரு பெண் வருவாள், ஸ்பானிய மொழி பேசுவாள், எல்லாவற்றையும் அவள் மொழிபெயர்த்துச் சொல்வாள் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். பிறகு, “லெ எஸ்கூச்சோ.”

மார்செலா அவளுடைய விரித்த கைகளைப் பார்த்தாள். பிறகு அணை உடைந்ததுபோலப் பேசத் தொடங்கினாள். பாதிக்கு மேல் விளங்கவில்லை. கடவுச்சீட்டு, சாவி, கதவு, பசி என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. றெபேக்காவின் கழுத்து துடித்தது. ஓம், ஓம், சொல்லுங்கோ என்று உடம்பு முழுவதும் ஆடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மட்டும் எடுக்காமல் இருந்தாள். மார்செலா இரண்டுமுறை நிறுத்தி அவள் முகத்தைச் சோதித்தாள். இரண்டுமுறையும் தொடர்ந்தாள்.

அப்போது வெளியே அந்த இருமல் கேட்டது. தொடர்ந்து குழைவான குரல். அவள் எங்கள் வீட்டு ஆள், பாவம், பயந்திருப்பாள், நான் மொழிபெயர்த்து உதவுகிறேன் என்று நோராவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. மார்செலாவின் பேச்சு சட்டென்று நின்றது. தோள்கள் ஒடுங்கின.

அவர் உள்ளே வருவதை விரும்புகிறீர்களா என்று கேட்க வேண்டும். அந்த வசனம் றெபேக்காவுக்கு வரவில்லை. தேடினாள், கிடைக்கவில்லை. கிடைத்ததைச் சொன்னாள். கதவைக் காட்டி, “எல்? சீ ஓ நோ?” அவர், ஆமா இல்லையா?

மார்செலா கதவைப் பார்த்தாள். “நோ,” என்றாள் மெல்ல. றெபேக்கா அசையவில்லை. மார்செலா எழுந்து நின்றாள். கதவுக்கு அப்பாலும் விளங்கட்டும் என்று, இந்த ஊர் மொழியிலேயே, தொண்டை கிழியக் கத்தினாள். “நை!”

றெபேக்கா போய்க் கதவைத் திறந்தாள்.

“கேட்டீர்கள்தானே,” என்றாள் அந்த மனிதரிடம். “இதை நீங்கள் மொழிபெயர்க்கத் தேவையில்லை.”